யார் யாருக்காகக் காத்திருப்பது? நடன மேடையில் கணினியைச் சேர்க்க ஐந்து வழிகள்

நடனம் அமைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரு கருவியின் பெயரோடுதான் வரும். "கினெக்ட் கேமரா ஒன்று வாங்கலாமா?" "சலங்கையில் சென்சார் வைக்க முடியுமா?" "அலபத்மம் முத்திரை பிடித்தால் திரையில் தாமரை விரிய வேண்டும், அதற்கு எந்த மென்பொருள்?" பத்து வருடமாக நடன நிகழ்ச்சிகளில் அரங்கின் கடைசி வரிசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறேன். நான் திருப்பிக் கேட்பது வேறு கேள்வி: மேடையில் யார் யாருக்காகக் காத்திருக்கப் போகிறார்கள்?

பரதம் ஆடுகிறவர்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. பதிவு செய்த பாட்டைப் போட்டு ஆடினால், ஆடுபவர்தான் பாட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். பக்கவாத்தியத்தோடு ஆடினால், சஞ்சாரி (ஒரு வரியின் பொருளை விரித்து அபிநயிக்கும் பகுதி) முடியும்வரை பாடகர் அந்த வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார். தாளம் தட்டி நடனத்தை நடத்தும் நட்டுவனாரின் கண் ஆடுபவரின் காலிலேயே இருக்கும். ஊடாடும் தொழில்நுட்பம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஏதோ ஓர் இடம்தான். உங்கள் நடன உருப்படிக்கு அந்த இடம் எது என்று தெரிந்துவிட்டால், என்ன வாங்குவது என்பதில் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

தாமதம். ஆடுபவர் கையை அசைத்ததற்கும் திரையில் படம் அசைவதற்கும் நடுவே உள்ள இடைவெளி. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கே 33 மில்லி செகண்ட் போய்விடும். கணினி அதைப் பார்த்து, கணக்கிட்டு, புதுப் படம் வரைந்து, ப்ரொஜெக்டர் அதைக் காட்டும்போது மொத்தம் 100 மில்லி செகண்ட் ஆவது சாதாரணம். நொடியில் பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் கை அதற்குள் 20 சென்டிமீட்டர் கடந்துவிடும். விரல் நுனியில் இருக்க வேண்டிய ஒளி மணிக்கட்டில் நிற்கும்.

காலுக்குக் கணக்குப் போட்டால் இன்னும் மோசம். நிமிடத்துக்கு 75 அட்சரம் (தாளத்தின் எண்ணிக்கை) என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் காலத்தில் அட்சரத்துக்கு நான்கு தட்டு, நிமிடத்துக்கு 300 தட்டு, அதாவது 200 மில்லி செகண்டுக்கு ஒன்று. தட்டுக்குப் பதிலாக வரும் ஒலி 100 மில்லி செகண்ட் பிந்தினால், அது இரண்டு தட்டுகளுக்குச் சரியாக நடுவில் விழும். கேட்பவர் காதில் அது தாளப்பிழை; பழி ஆடுபவர்மேல்தான் வரும். அதே 100 மில்லி செகண்ட், கை அசைவைத் தொடர்ந்து புகை கலைவது மாதிரியான படத்தில் ஒரு குறையே அல்ல. புகை பிந்தித்தானே கலையும்! ஆக, தாமதத்தைக் குறைப்பது ஒரு வேலை என்றால், தாமதத்தைத் தாங்கக்கூடிய படத்தைத் தேர்ந்தெடுப்பது அதைவிட மலிவான வேலை.

உடலும் உடையும். இந்தக் கருவி ஆடுபவரிடம் என்ன கேட்கிறது? குறிப்பிட்ட நிற உடை, குறிப்பிட்ட இடத்தில் நிற்பது, இடுப்பில் ஒரு பெட்டி, இருட்டு மேடை? ஒவ்வொன்றும் நடனத்திலிருந்து எதையோ எடுத்துக்கொள்ளும்.

அரங்க நேரம். பணத்தைவிட இதுதான் அரிது. மார்கழியில் உங்களுக்கு முந்தைய கச்சேரி முடிந்து திரை ஏறுவதற்குள் கிடைப்பது அரை மணி நேரமாக இருக்கலாம். நான்கு மணி நேர அமைப்பு தேவைப்படும் எதுவும் அங்கே எடுபடாது.

கெட்டுப்போனால். நிகழ்ச்சியின் நடுவே கருவி நின்றால் நடனம் நிற்குமா, யாரும் கவனிக்காமல் தொடருமா?

பார்ப்பவருக்குத் தெரிகிறதா. இதில் ஒரு விசித்திரம் உண்டு. நன்றாக ஒத்திகை பார்த்த காணொளி, ஆடுபவருக்குக் கட்டுப்படுவது போலத் தெரியும். உண்மையாகவே கட்டுப்படும் படமோ, பல சமயம் முன்பே செய்த காணொளி போலத் தோன்றும். அந்த வித்தியாசம் பார்ப்பவருக்குத் தெரிவது உங்கள் கருத்துக்கு முக்கியமா? இல்லையென்றால் அதற்காகச் செலவழிக்க வேண்டாம்.

பணத்தைத் தனி அளவுகோலாக எழுதவில்லை. கருவியின் விலை எல்லோரும் பார்ப்பதுதான். பார்க்காமல் விடுவது அதைச் சுற்றி வரும் செலவுகளை. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## 1. முன்பே செய்து முடித்த காணொளி

பதிவுப் பாட்டுக்கு ஆடுவதன் மறுவடிவம் இது. படம் தன் வேகத்தில் ஓடும். ஆடுபவர் அதற்குள் போய்ச் சேர வேண்டும். இதை மட்டமாக நினைக்க வேண்டாம். லண்டன் நடனக் கலைஞர் அக்ரம் கான் 2011-இல் உருவாக்கிய 'தேஷ்' தனிநபர் நிகழ்ச்சியில், மேடைக்கு முன்னால் தொங்கும் மெல்லிய வலைத்திரையில் கோட்டுச் சித்திரமாக ஒரு காடு விரியும். அவர் அதற்குள் நடப்பார், மரம் ஏறுவார். எந்த சென்சாரும் அவரைப் பின்தொடரவில்லை. அவரும் அசைவூட்டக் கலைஞர்களும் நொடி நொடியாக ஒத்திகை பார்த்ததுதான் அந்த மாயம்.

நியூயார்க்கின் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1999-இல் மேடையேற்றிய 'பைபெட்' இன்னொரு வகை. டிஜிட்டல் கலைஞர்கள் பால் கைசர், ஷெல்லி எஷ்கர் இருவரும் மூன்று நடனக் கலைஞர்களின் அசைவுகளை மோஷன் கேப்சரில் (உடலின் அசைவைக் கணினித் தரவாகப் பிடிக்கும் முறை) பதிவுசெய்து, அவற்றைக் கையால் வரைந்தது போன்ற உருவங்களாக மாற்றினார்கள். அந்த உருவங்கள் முன்திரையில் பேருருவமாக நடக்க, பின்னால் உயிருள்ள உடல்கள் ஆடின. தொழில்நுட்பம் முழுவதும் நிகழ்ச்சிக்கு முன்பே தன் வேலையை முடித்துவிட்டது. மேடையில் மிஞ்சியது ஒரு காணொளிதான். மெர்ஸுக்கு அப்போது 80 வயது என்பதையும் இங்கே சொல்ல ஆசை.

மறைந்திருக்கும் செலவு திருத்தத்தில் இருக்கிறது. ஒத்திகையில் "இந்த இடத்தில் இன்னும் ஓர் ஆவர்த்தனம் சேர்க்கலாம்" (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) என்று தோன்றும் நாளில், அசைவூட்டத்தை மறுபடி செய்ய வேண்டும். நிமிடக் கணக்கில் காசு வாங்கும் கலைஞர் இதற்கும் வாங்குவார், அது நியாயம்தான். உங்கள் பாட்டும் பதிவாகத்தான் இருக்க வேண்டும். பாடகர் நிரவலை நீட்டினால் படம் காத்திருக்காது. ஆடுபவருக்குப் பதில் வேறொருவர் ஆடினால், உயரம் மாறிக் கை ஒரு பக்கமும் கிளை ஒரு பக்கமும் நிற்கும்.

ஊர் ஊராகப் போகும் நிகழ்ச்சி, சிறு பிள்ளைகள் கூட்டமாக ஆடும் நாட்டிய நாடகம், அரங்கம் அரை மணி நேரம்தான் கிடைக்கும் நிலை: இந்த மூன்றிலும் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம், இதுதான் சரி.

## 2. கடைசி வரிசையில் ஓர் ஆள்

இதை ஊடாடும் தொழில்நுட்பம் என்று யாரும் எண்ணுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஏற்பாடு எளிது. படங்களையும் ஒலிகளையும் சிறு சிறு துண்டுகளாக வைத்துக்கொள்கிறோம். நடனத்தைப் பார்த்தபடி ஒருவர் அவற்றை அவிழ்த்துவிடுகிறார், நீட்டுகிறார், நிறுத்துகிறார். மேக் கணினி என்றால் க்யூலேப், மேக்கோ விண்டோஸோ என்றால் இசடோரா. இரண்டும் மேடைக்காகவே எழுதப்பட்ட மென்பொருள்கள். மிடி பலகை (கணினிக்குக் கட்டளை அனுப்பும் குமிழ்ப் பலகை) ஒன்று இருந்தால், குமிழைத் திருகிப் படத்தின் வேகத்தையும் அடர்த்தியையும் கையால் வாசிக்கலாம். வாசிக்கலாம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அது ஒரு வாத்தியம்.

பிரான்சில் லியோன் நகரத்து அட்ரியன் எம் & கிளேர் பி குழுவின் 'ஹகனாய்' (2013) இதற்கு நல்ல சான்று. வலைத்துணியால் ஆன கனசதுரத்துக்குள் ஒரு பெண் ஆடுவார், சுற்றிலும் கோடுகளும் புள்ளிகளும் மூச்சு விடுவதுபோல் அசையும். முழுக்கக் கணினியின் வேலை என்று பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் ஒரு கலைஞர் கணினி முன்னால் உட்கார்ந்து அந்தப் படங்களை நேரடியாக இயக்குகிறார்.

இன்னும் பின்னால் போனால் 1965. கன்னிங்ஹாமின் 'வேரியேஷன்ஸ் V' நியூயார்க் லிங்கன் சென்டரில் அரங்கேறியபோது, மேடையில் மின்னிசைக் கருவிகள் செய்யும் ராபர்ட் மூக் செய்த ஆன்டெனாக் கம்பங்கள் நின்றன. ஆடுபவர் அருகில் வந்தால் அவை உணரும். பொறியாளர் பில்லி க்ளூவர் ஏற்பாடு செய்த ஒளி உணரிகளும் இருந்தன. ஆனால் அந்தச் சமிக்ஞைகள் நேராக ஒலிபெருக்கிக்குப் போகவில்லை. நடுவில் இசைக் கலைஞர்கள் ஜான் கேஜும் டேவிட் டியூடரும் மிக்ஸர் முன்னால் இருந்தார்கள். எது கேட்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்பது அவர்கள் கையில் இருந்தது. 60 வருடத்துக்கு முன்பே இந்தத் துறையின் முன்னோடிகள் இயந்திரத்தையும் மனிதக் காதையும் சேர்த்துத்தான் வைத்தார்கள்.

தாமதத்தில் இந்த வழிக்கு ஈடே இல்லை. சென்சாரால் நடந்த பிறகுதான் அறிய முடியும். அடவுக் கோர்வை தெரிந்த ஆளுக்கு அடுத்த தட்டு எங்கே விழும் என்று முன்பே தெரியும். நட்டுவனார் தாளத்தைத் தட்டுவது போல அவர் அந்த அட்சரத்திலேயே பொத்தானை அழுத்துவார். பிந்துவதே இல்லை.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? அந்த ஆளின் நேரத்தில். நிகழ்ச்சி நாளில் வந்து பொத்தான் அழுத்துகிறவரால் இது நடக்காது. எல்லா ஒத்திகைக்கும் வர வேண்டும், ஜதி காதில் ஏற வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் இல்லை. மிருதங்கக்காரருக்குத் தருவது போன்ற சம்பளம் அவருக்கும் தர வேண்டும், பெயரும் போட வேண்டும். ஒரு யோசனை: கணினி தெரிந்தவருக்கு நடனம் கற்றுக்கொடுக்கப் பார்ப்பதைவிட, நடனம் தெரிந்த மூத்த மாணவிக்கு இசடோரா கற்றுக்கொடுங்கள். பின்னது இரண்டு மாத வேலை. முன்னது பல வருடம்.

பக்கவாத்தியத்தோடு ஆடும் எந்த உருப்படிக்கும், மனோதர்மம் (மேடையிலேயே பிறக்கும் கற்பனை) உள்ள எந்த உருப்படிக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## 3. கேமரா பார்த்துத் தொடர்வது

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான், ஏமாறுவதும் இதில்தான் அதிகம். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இதன் அழகு என்ன என்பதை மெல்போர்னின் சங்கி மூவ் குழு 2006-இல் காட்டியது. கிடியன் ஓபார்சனெக் நடனம் அமைக்க, ஜெர்மானியரான ஃப்ரீடர் வைஸ் மென்பொருள் எழுதிய 'க்ளோ'. ஒரே ஒருவர் ஆடும் 27 நிமிட நிகழ்ச்சி. பார்வையாளர்கள் சுற்றி அமர்ந்து மேலிருந்து கீழே பார்ப்பார்கள். வெள்ளைத் தரையில் அவர் உருளும்போது, உடலின் விளிம்பிலிருந்தே ஒளியும் நிழலும் கிளம்பும். முன்பே செய்த காணொளி அதில் எதுவும் இல்லை. ஒவ்வொரு இரவும் படம் அவர் உடலிலிருந்துதான் பிறந்தது. ஆஸ்திரியக் கலைஞர் கிளாஸ் ஓபர்மையரின் 'அப்பரிஷன்' (2004) இரண்டு பேரின் உடல் வடிவத்தைப் பிடித்து, அந்த உடல்களின் மேலேயே படத்தை விரித்தது.

இவை எப்படிச் சாத்தியமாயின என்று பார்த்தால்தான் உங்கள் அரங்கில் ஏன் சிக்கல் என்று புரியும்.

சாதாரண கேமரா, ப்ரொஜெக்டர் காட்டும் படத்தையும் ஆடுபவரையும் சேர்த்தே பார்க்கும். தான் வரைந்த படத்தையே ஆள் என்று நினைத்து அதன்மேல் இன்னொரு படம் வரையும். இதற்கு வழி அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குத் தெரியாத 850 நானோமீட்டர் எல்இடி விளக்கால் மேடையை நிரப்பி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் வடிகட்டியை கேமராவில் மாட்டினால், ப்ரொஜெக்டர் எதைக் காட்டினாலும் கேமராவுக்குத் தெரியாது. ஆடுபவர் மட்டும் தெரிவார். சிசிடிவி கேமராக்களில் வரும் அதே விளக்குதான், விலையும் அதிகம் இல்லை. ஆனால் சிசிடிவி கேமராவையே வாங்கிவிடாதீர்கள். நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் வகை, படத்தைச் சுருக்கி அனுப்புவதால் சில நூறு மில்லி செகண்ட் பிந்தும்.

இதன் எதிரி பழைய ஹாலஜன் மேடை விளக்கு. அது அகச்சிவப்பை அள்ளிக் கொட்டும். எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். எல்இடி விளக்கு உள்ள ஒத்திகைக் கூடத்தில் மூன்று வாரம் அழகாக ஓடிய உருப்படி, அரங்கத்தில் லைட்டிங் ஆள் முன்விளக்கை ஏற்றியதும் தலைகீழானது. கேமராவுக்கு மேடை முழுவதும் வெள்ளை. திரையில் படம் வெறிபிடித்தாற்போல் துடித்தது. கேமராவைத் துண்டித்துவிட்டு, மீதி 12 நிமிடமும் மவுஸை வைத்து நானே படத்தை நகர்த்தினேன். பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆடிய பெண்ணுக்குத் தெரிந்தது. "படம் என்னைவிட்டுப் போய்விட்டது போல இருந்தது" என்றார். அன்றிலிருந்து அரங்கத்தை முன்பதிவு செய்யும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி, விளக்குகள் எல்இடியா ஹாலஜனா என்பதுதான்.

உடையும் கண்ணுக்குத் தெரிவது மாதிரி இருக்காது. கறுப்பாகத் தெரியும் பல துணிச் சாயங்கள் அகச்சிவப்பில் வெளிர் நிறமாகத் தெரியும். கறுப்புத் திரைக்கு முன்னால் நிற்பவர் கேமராவில் காணாமலும் போகலாம், பளிச்சென்றும் தெரியலாம். சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஜரிகையும் தலைசாமானும் விட்டுவிட்டு மின்னும்.

ஆழம் அளக்கும் கேமராக்கள் இன்னொரு வகை. 2010-இல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் வந்தபோது நடன உலகமே கொண்டாடியது. விளையாட்டுப் பொருள் விலையில் உடலின் மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் கருவி. ஆனால் அது நம்பகமாகப் பார்ப்பது சுமார் 4 மீட்டர்வரை. வரவேற்பறைக்குப் போதும், 10 மீட்டர் மேடைக்குப் போதாது. அப்புறம், 2017-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2019-இல் வந்த அஸ்யூர் கினெக்டையும் 2023-இல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி அமைத்த படைப்புகளை இன்று மறுபடி மேடையேற்ற, பழைய பெட்டியைத் தேடி அலைய வேண்டும். ஒரு வர்ணம் நூறு வருடம் வாழும் மரபில் இருந்து வருகிறோம். ஐந்து வருடத்தில் மறையும் பெட்டியை நம்பி உருப்படி அமைப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வகை, சாதாரண வெப்கேமிலேயே செயற்கை நுண்ணறிவால் உடலைக் கண்டுபிடிப்பது. கூகுளின் மீடியாபைப் இலவசம், ஒரு கையில் 21 புள்ளிகள்வரை அடையாளம் காணும். "அலபத்மம் பிடித்தால் தாமரை" என்ற கனவு இங்கிருந்துதான் வருகிறது. மேசைமேல் கையை நீட்டினால் நிஜமாகவே வேலை செய்யும். மேடையில்? 1920 புள்ளி அகலமுள்ள கேமரா 10 மீட்டர் மேடையைப் பார்த்தால், மீட்டருக்கு 192 புள்ளி. 18 சென்டிமீட்டர் நீளமுள்ள கைக்குக் கிடைப்பது 35 புள்ளிதான். அதில் ஐந்து விரலையும் பிரித்தறிய முடியாது. முழு உடல் என்றால் பரவாயில்லை, ஆனால் அரைமண்டியில் (முழங்காலை மடக்கி நிற்கும் நிலை) உடையின் விசிறி மடிப்பு விரிந்தால் முழங்கால் எங்கே என்று அதற்குக் குழப்பம் வந்துவிடும். மேடையும் வெளிச்சமாக இருக்க வேண்டும், அப்போது ப்ரொஜெக்டர் படம் வெளிறிப்போகும்.

இன்னொரு மறைமுகச் செலவு நம் அரங்கங்களின் அமைப்பு. 'க்ளோ' போல மேலிருந்து பிடிப்பதுதான் கேமராவுக்கு மிக வசதி. யாரும் யாரையும் மறைக்க மாட்டார்கள். ஆனால் சமதளத்தில் நாற்காலி போட்ட அரங்கத்தில் தரையில் விழும் படம் முன்வரிசைக்கே தெரியாது. மேலே கேமரா மாட்ட ஏணி, ஆள், அனுமதி, ஒரு முழு நாள் வாடகை எல்லாம் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கேமரா எப்போது சிறந்தது? தனிநபர் ஆடும்போது, உடலின் வடிவமே கருப்பொருளாக இருக்கும்போது, அரங்கம் ஒரு முழு நாளாவது உங்கள் கையில் இருக்கும்போது. அந்த மூன்றும் சேர்ந்தால் இதற்கு இணையான அனுபவம் வேறு இல்லை. ஆடுபவரின் கண்ணில் ஒரு புது விழிப்பு வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

## 4. உடம்பிலும் தரையிலும் சென்சார்

அமெரிக்காவில் மார்க் கோனிக்லியோ 1989-இல் 'மிடிடான்சர்' என்ற உடையைச் செய்தார். மூட்டுகளில் வளைவை அளக்கும் உணரிகள், இடுப்பிலிருந்து ரேடியோ வழியாகக் கணினிக்கு. முழங்கை மடங்கினால் இசை மாறும். டான் ஸ்டாப்பியெல்லோவோடு சேர்ந்து அவர் நடத்திய ட்ராய்க்கா ராஞ்ச் குழு இதை வைத்துப் பல படைப்புகள் செய்தது. மேலே சொன்ன இசடோரா மென்பொருளும் அவர் எழுதியதுதான். நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் பெயர்.

இன்று அதே வேலையை இஎஸ்பி32 என்ற சிறு பலகையும் ஓர் அசைவு உணரியும் செய்யும். இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். இருட்டிலும் வேலை செய்யும், உடை நிறம் பற்றிக் கவலை இல்லை, யார் யாரை மறைத்தாலும் பரவாயில்லை.

ஆயிரம் ரூபாய்க்குப் பின்னால் வருவதைச் சொல்கிறேன். வியர்வை உள்ளே போகாத உறை. தையற்காரரிடம் தனிப் பை. மின்கலம் நசுங்கினால் தீப்பிடிக்கக்கூடிய வகை என்பதால் இடுப்பின் எந்தப் பக்கம் வைப்பது என்ற யோசனை. விழுந்து எழும் அசைவை நடனத்திலிருந்து எடுத்துவிட நேர்வது. முக்கியமாக, வைஃபை. இஎஸ்பி32 பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பார்வையாளர்களின் கைபேசிகள் பலவும் பேசும். மனித உடம்பில் உள்ள நீரும் அந்த அலையை உறிஞ்சும். காலி அரங்கில் ஒத்திகை பார்த்தபோது எனக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. மாலை 300 பேர் வந்து உட்கார்ந்ததும் சமிக்ஞை விட்டு விட்டு வந்தது. கூட்டம் இல்லாமல் இதைச் சோதிக்க வழியே இல்லை. ரிசீவரை மேடை ஓரத்திலேயே, ஆடுபவருக்குச் சில அடி தூரத்தில் வைப்பது ஓரளவு காப்பாற்றும்.

பரதத்துக்கு நான் உடம்பில் வைப்பதைவிடத் தரையில் வைப்பதையே விரும்புகிறேன். மரப்பலகையின் அடியில், அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பியஸோ வட்டு ஒன்று. சில பத்து ரூபாய். ஒயர் நேராக ஒலி அட்டைக்குப் போகும், மின்கலம் இல்லை, வைஃபை இல்லை. தாமதம் ஒலி அட்டையின் தாமதம்தான். சரியாக அமைத்தால் 10 மில்லி செகண்டுக்குள் அடக்கலாம். 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குச் சலங்கை ஒலி காற்றில் போய்ச் சேரவே கிட்டத்தட்ட 30 மில்லி செகண்ட் ஆகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். தட்டடவின் ஒவ்வொரு தட்டுக்கும் தரையில் ஒரு வளையம் விரிவதோ, பின்னணியில் ஒரு மணி ஒலிப்பதோ, மூன்றாம் காலத்திலும் நிற்கும். பார்ப்பவருக்கும் காரணம் உடனே புரிந்துவிடும்: கால் தட்டுகிறது, ஒளி பிறக்கிறது. சிமென்ட் தரையில் இது செல்லாது, பலகை மேடை வேண்டும். ஒரே பலகையில் இரண்டு பேர் ஆடினால் யார் தட்டியது என்றும் பிரித்தறியாது.

தாளமும் ஒலியும் முதன்மையான ஜதி, தில்லானா போன்றவற்றுக்கு இது. அபிநயத்துக்கு இதனால் சொல்லிக்கொள்ளும்படி பயன் இல்லை.

## 5. நேரடி மோஷன் கேப்சர்

சுருக்கமாகவே சொல்கிறேன். உடல் முழுவதும் பிரதிபலிக்கும் குமிழ்களை ஒட்டி, சுற்றிலும் பல கேமராக்கள் வைத்து, மூட்டு ஒவ்வொன்றையும் முப்பரிமாணத்தில் அந்த நொடியிலேயே பிடிப்பது. அமெரிக்க நடன அமைப்பாளர் ட்ரிஷா பிரவுன் 2005-இல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதை மேடையில் செய்தார். பல்கலைக்கழகம் என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. கருவி, பொறியாளர்கள், மாதக்கணக்கில் கூடம், எல்லாம் ஒரு நிறுவனத்திடம் இருந்தால்தான் நடக்கும். நகையும் ஜரிகையும் பொய்க் குமிழ்களாகத் தெரியும், புடவைக் கட்டு உண்மையான குமிழை மறைக்கும். கேமரா இல்லாமல் உடையிலேயே உணரிகள் வைத்த வகைகள் மலிவு. ஆனால் மேடையின் இரும்புச் சட்டங்கள் அவற்றின் திசையறிவைக் குழப்பும். அடவுகளை ஆவணப்படுத்தவோ, 'பைபெட்' போல முன்கூட்டியே பதிவுசெய்து அசைவூட்டம் செய்யவோ வாடகைக்கு எடுங்கள். மேடையில் நேரடியாக ஓட்ட, உங்கள் பின்னால் ஓர் ஆய்வகம் இல்லாவிட்டால் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | தாமதம் | உடை, உடல் | அரங்கில் அமைக்க | கெட்டுப்போனால் | பொருந்துவது |
|---|---|---|---|---|---|
| முன்பே செய்த காணொளி | இல்லை. ஆடுபவர்தான் பின்தொடர்கிறார் | இடம், உயரம் மாறக் கூடாது | அரை மணி முதல் | படம் ஓடும், ஆடுபவர் தவறினால் தெரியும் | பயணம், குழு, பதிவுப் பாட்டு |
| இயக்கும் ஆள் | முன்கூட்டியே அறிவார் | எந்தக் கட்டுப்பாடும் இல்லை | ஒரு மணி | அவரே சமாளிப்பார் | பக்கவாத்தியம், மனோதர்மம், அபிநயம் |
| அகச்சிவப்பு கேமரா | 100 மில்லி செகண்ட் அளவு | துணி, நகை சோதிக்க வேண்டும் | முழு நாள் | படம் வெறிபிடிக்கும் | தனிநபர், நவீன நடனம் |
| உடல் சென்சார் | நடுத்தரம் | பெட்டி, வியர்வை, விழுதல் | இரண்டு மணி | திடீரென்று நிற்கும் | இருட்டு மேடை, இசையை இயக்குதல் |
| தரை சென்சார் | மிகக் குறைவு | கட்டுப்பாடு இல்லை, பலகை வேண்டும் | ஒரு மணி | யாரும் கவனிக்க மாட்டார்கள் | ஜதி, தில்லானா |
| நேரடி மோஷன் கேப்சர் | குறைவு முதல் நடுத்தரம் | ஒட்டிய உடை | பல நாள் | நிகழ்ச்சி நிற்கும் | ஆய்வகத்தோடு சேர்ந்த படைப்பு |

அரங்க நேரம் என்று போட்டிருப்பது என் வேலையில் நான் கண்ட கணக்கு. உங்கள் குழுவுக்குக் கூடலாம், குறையலாம்.

## சேர்த்துச் செய்வது

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பெங்களூருவின் ஆட்டக்களரி குழு, சிலப்பதிகாரத்திலிருந்து உருவான 'க்ரோனோடோப்பியா' போன்ற படைப்புகளில் நடனத்தையும் காணொளியையும் ஊடாடும் ஒளியையும் சேர்த்தே கையாண்டது. என் வேலையில் நிலைத்திருக்கும் கலவை இது: சென்சாரோ கேமராவோ சமிக்ஞை தரும், ஆனால் அது திரைக்குப் போகும் வாசலில் ஓர் ஆள் இருப்பார். கையில் ஒரு குமிழ். சமிக்ஞை ஒழுங்காக வந்தால் வாசலைத் திறப்பார். துடித்தால் மூடிவிட்டுத் தானே வாசிப்பார். ஒரு முழு உருப்படிக்கும் சென்சார் வேண்டாம். தீர்மானத்தில் (ஜதியை முடிக்கும் பகுதி) மட்டும், அந்த 40 நொடிக்கு மட்டும் திறந்தால் அதன் வலிமை பல மடங்கு தெரியும்.

ஒரு யுபிஎஸ் கட்டாயம். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறும் பத்து நொடியில் லேப்டாப் தன் மின்கலத்தில் பிழைத்துக்கொள்ளும். யுபிஎஸ் இல்லாமல், இடையில் உள்ள ஒலி அட்டையும் ரிசீவரும் பிழைக்காது. தானியங்கிப் புதுப்பிப்பை நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே அணைத்துவிடுங்கள்.

## வாங்கும் முன் ஒரு வாரம்

எந்தக் கருவியும் இல்லாமல் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒத்திகைக் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, நடனம் தெரிந்த ஒருவர் கையில் ஒரு டார்ச் கொடுங்கள். முதல் நாள், ஆடுபவர் எங்கே போனாலும் அவர் ஒளியால் தொடரட்டும். இரண்டாம் நாள், ஒளி தன் பாட்டுக்கு ஒரே பாதையில் போகட்டும். ஆடுபவர் அதைத் தொடரட்டும். மூன்றாம் நாள், வேண்டுமென்றே ஒரு கணம் பிந்தித் தொடரட்டும். நான்காம் நாள், கால் தட்டும்போது மட்டும் ஒளி எரியட்டும். நான்கையும் கைபேசியில் படம்பிடித்து, ஐந்தாம் நாள் ஆடியவரோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த நாள் ஆடும்போது அவர் முகம் மாறியது என்று பாருங்கள், அவரிடமே கேளுங்கள். முதல் நாள் என்றால் ஓர் ஆள் அல்லது கேமரா. இரண்டாம் நாள் என்றால் காணொளி. மூன்றாம் நாளும் பிடித்திருந்தால் கேமராவின் தாமதம் உங்களுக்குத் தடையல்ல. நான்காம் நாள் என்றால் பியஸோ வட்டும் ஒரு பலகையும்.

நான்கு நாளும் முகம் மாறவே இல்லையென்றால், அந்த உருப்படிக்கு நல்ல வெளிச்சம் போதும். ப்ரொஜெக்டர் வாடகையை மிருதங்கக்காரருக்குக் கொடுங்கள்.